கடல் தெரியும் பாறையில் ஓர் எண்

சதுரகிரிக்கு ஏறும் பாதையை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு வழியாக அத்தனை சனம் போகும். அதற்குச் சற்றுத் தெற்கே, மகாராஜபுரத்துக்கு நேர் மேற்கில், மலையில் இன்னொரு பாதை இருந்தது. முன்பு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் நடந்த வழி. குமுளிக்குப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு யாரும் நடக்கவில்லை. அதற்கென்று பெயர்கூடக் கிடையாது. அந்தப் பாதையில் ஒரு நண்பனோடு நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன். மூன்றும் என் நோட்டில் இருக்கின்றன.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் லீவு என்று எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்தும் எழுதுவேன். முதல் மழை என்றைக்குப் பெய்தது, அய்யனார் கோவில் ஆற்றில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, பக்கத்து வீட்டு மாமரம் எப்போது பூத்தது என்று ஒன்றுவிடாமல் நோட்டில் ஏறும். நூலகத்தில் சரித்திரப் புத்தகம் என்று எது வந்தாலும் எடுத்துவிடுவேன். ஆண்டு தெரியாத ஒரு செய்தியைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதே மில்லில் ஃபிட்டராக இருந்தவன் என் நண்பன். மகாராஜபுரத்துக்காரன். இருவருக்கும் ஒரே வயது. உறவு ஏதும் இல்லாவிட்டாலும் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். மெஷினில் கைவிட்டு வேலை செய்கிறவன். விரல் இடுக்கில் எப்போதும் கிரீஸ் இருக்கும். என் நோட்டைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

"நேத்து நான் எத்தனை தும்மல் தும்முனேன்னு அதுல இருக்காலே?"

"ரெண்டு."

"பாவிப்பய, உண்மையிலேயே எழுதியிருப்பான்."

1986 புரட்டாசியில் அவன் அம்மா இறந்துபோனார். காரியங்கள் முடிந்த பிறகுதான் அவன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா ஏலத் தோட்டத்துக்குப் போனார். நாட்டில் முதல் தடவையாக எல்லோரும் ஓட்டுப் போட்ட வருடம் அது. ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நடந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது அந்த வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த வருடத் தீபாவளி கழிந்து அப்பா மலை ஏறினார். மார்கழியில் தோட்டத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர் வந்து சொன்னார்கள்: "கார்த்திகையில காய்ச்சல்ல விழுந்துட்டாரு. ஊருக்குக் கூட்டிட்டு வாற வழியிலேயே உசுரு போயிட்டு. மேல, கடல் தெரியுத இடத்துல, மூணு பாறைக்கு அடியில வச்சுக் கல்லடுக்கித் தழை போட்டிருக்கு."

மலைப்பாதையில் இறந்தவரைக் கீழே கொண்டுவருவதில்லை. விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்து கல் அடுக்கிவிடுவார்கள். அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கொப்பை ஒடித்து அதன்மேல் போட வேண்டும். தெரிந்தவரா என்று கேட்கக் கூடாது. போடாமல் போனால் கால் வலிக்கும் என்பார்கள்.

வந்த இருவரும் அடுத்த வருடமே வேறெங்கோ பிழைக்கப் போய்விட்டார்கள். அம்மா கடைசிவரை அந்த இடத்தைப் பார்க்கவில்லை. கண்மூடும்போது மகனிடம் ஒன்றுதான் சொன்னாராம்.

"எங்கன கிடக்காருன்னு ஒரு தடவை பாத்துட்டு வாயா. ஒரு தழை போட்டுட்டு வா."

"போவோமா?" என்று நண்பன் என்னைக் கேட்டான். "உனக்குத்தான் இந்தக் கிறுக்கெல்லாம் பிடிக்குமே. நீ எழுது, நான் நடக்கேன்."

1987 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம், முதல் முறை போனோம். விடிவதற்கு முந்தைய பேருந்தில் கிருஷ்ணன்கோவில் வரை, அங்கிருந்து வத்திராயிருப்புக்கு இன்னொன்று, பிறகு தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் முடியும்வரை நடை. தோப்புக்காரர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சதுரகிரிக்குன்னா வடக்கால போகணும்."

"இல்ல, அண்ணாச்சி. பழைய ஏலப் பாதை."

"அது எங்கவே இருக்கு? பன்னி போறதுதான் பாதை. யானை நின்னா நீங்க விலகணும், அது விலகாது பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னது சரிதான். முதல் ஓடைவரை தடம் தெரிந்தது. இரண்டாவது ஓடையில் உண்ணிச்செடி புதராக அடைத்திருந்தது. நண்பன் அரிவாளால் வெட்டிக்கொண்டே போனான். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எழுதினேன். இடது கைப்பக்கம் வேங்கை மரம், அடியில் வெள்ளைக் கல். அங்கிருந்து நூற்றுப் பத்து காலடியில் ஓடை. மத்தியானத்துக்கு மேல் ஈத்தை மூங்கில் காட்டுக்குள் வழி தவறி, வந்த தடத்திலேயே திரும்பினோம்.

இரண்டாவது முறை அதே ஆண்டு செப்டம்பரில். மழை ஈரத்தில் அட்டைகள் காலில் ஏறின. என் குறிப்புகள் ஈத்தைக் காடுவரை எங்களைப் பிசகாமல் கொண்டுபோயின. அவன் முதல் தடவையாக என் நோட்டைக் கேலி செய்யாமல் கையில் வாங்கிப் பார்த்தான். ஈத்தையைச் சுற்றிக்கொண்டு ஏறியதும் பழைய பாதை கிடைத்தது. வண்டிச் சக்கரமே படாத அந்த மலையில், ஒரு பாறைச் சரிவில் கால்கள் நடந்து நடந்தே படி போலத் தேய்ந்திருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தேய்மானத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தான்.  மேகம் இறங்கிவிட்டதால் அன்றும் திரும்ப வேண்டியதாயிற்று.

மூன்றாவது முறை 1988 ஜனவரியில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். முந்தைய நாள் பாதி ஏறிப் பாறை மறைவில் தங்கிவிட்டு, விடிந்ததும் நடந்தோம். மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு தாழ்வு. காற்று ஆளைத் தள்ளியது. கிழக்கே திரும்பினால் கண்மாய்களும் தென்னையும், தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஒரு நெல்மணி போலவும் தெரிந்தன. மேற்கே காடு அடுக்கடுக்காக இறங்கி நீலமாகி, நீலத்துக்கு அப்பால் கோடு இழுத்தது போல ஏதோ மின்னியது.

"மாப்ளே, கடல்!"

"கடலா இருக்காது. மலையாளத்துக் காயலா இருக்கலாம், மூடுபனியாவும் இருக்கலாம்."

"கடல்தாம்லே. சனம் பொய்யா சொல்லும்?"

நான் நோட்டில் 'கடல்?' என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறியை அவன் எட்டிப் பார்த்து, "இந்த ஒத்தைக் கொக்கிய வச்சே ஒலகத்தத் தூக்கி மாட்டிருவ நீ" என்றான்.

தாழ்வுக்குத் தெற்கே மூன்று பாறைகள் நின்றன. அவற்றின் அடியில், இடுப்பளவு உயரத்தில் கல் குவியல். இடுக்குகளில் மக்கிய கொப்புகள். கடைசியாக யாரோ போட்ட தழை கருகி ஈர்க்காகிப் பல வருடங்கள் ஆகியிருக்க வேண்டும்.

அவன் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றான். பிறகு கீழே இறங்கிப் போய், மரங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து போட்டான். உட்கார்ந்தான். அழுவான் என்று நினைத்தேன், பேசத் தொடங்கினான். அம்மா இறந்ததைச் சொன்னான். தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று சொன்னான். மில்லில் ஃபிட்டராக இருப்பதைச் சொன்னான். "எனக்கு ஒங்க மொகம் தெரியாதுய்யா. அம்மா, மூக்கு மட்டும் ஒங்க மூக்குன்னு சொல்லும்" என்றான். நான் மறுபக்கம் போய்விட்டேன்.

போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். குவியலின் மேற்குப் பக்கத்தில் ஒரு தட்டைக்கல் செருகியிருந்தது. பாசியைச் சுரண்டினேன். ஏதோ இரும்பால் கீறிய எண்கள் தெரிந்தன: 1128. வேறு எழுத்து ஒன்றும் இல்லை. அளவெடுத்து, எண்ணை அப்படியே வரைந்துகொண்டேன். அவனிடமும் காட்டினேன்.

"என்னது இது?"

"தெரியல. பாத்துச் சொல்லுதேன்."

"நீ மெதுவாப் பாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான். புறப்படும்போது குவியலின் அடியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்லை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டான். வழி நெடுகச் சீட்டியடித்தான். அவனை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லை வைத்தான். அவன் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு பூ வைத்தார். வரும் ஆடி அமாவாசைக்குத் தன் இரண்டு அக்காமாரையும் எப்படியாவது மேலே கூட்டிப்போய், முதல் தடவையாக அப்பாவுக்குத் திதி கொடுப்பது என்று அவன் முடிவு செய்தான்.

எனக்கு அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. 1128 இங்கிலீஷ் வருடம் அல்ல. சர்க்கார் வரிக்கணக்குப் பசலியும் அல்ல. மலைக்கு மேற்கே மலையாளத்தார் எழுதும் கொல்லம் ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருநாள் மில்லில் சங்கு ஊதும் நேரத்தில் பளிச்சென்று தோன்றியது. நூலகத்தில் ஒரு பழைய கையேட்டில், கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும் என்று ஒரு வரி இருந்தது. கூட்டினேன். 1953.

முதல் ஓட்டு 1952 ஜனவரி. அந்த வருடத் தீபாவளி, அந்த வருடக் கார்த்திகை. 1952. கல்லில் இருப்பதோ 1953. மறுபடி கூட்டினேன். மறுபடியும் அதேதான் வந்தது.

பிப்ரவரி கடைசியில், மில் வாசலில் உள்ள டீக்கடையில் வைத்து அவனிடம் சொன்னேன். தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். அவன் தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான்.

"மூணு பாறை இருக்கு. கடல் தெரியுது. கல்லடுக்கி இருக்கு. இன்னும் என்னலே வேணும்?"

"அந்தப் பாதையில எத்தனையோ பேரு செத்திருப்பாங்க, மாப்ளே. பாறைக்கு அடியிலதான் எல்லாரையும் வைப்பாங்க."

"ஒரு வருசம் கழிச்சு வந்து எழுதியிருந்தா?"

"எப்ப எழுதினாலும் செத்த வருசத்தத்தானே எழுதுவான்?"

"எங்க அம்மா வருசத்த மாத்திச் சொல்லியிருந்தா?"

"ஓட்டுப் போட்டது அம்மா கணக்கு இல்லையே. அது ஊரறிஞ்ச தேதி."

ஒவ்வொரு கதவாக அவன் தட்டினான். ஒவ்வொன்றாக நான் சாத்தினேன். அப்போது நான் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. யாரோ ஒருவருக்குத் திதி கொடுத்துவிட்டு அதை அப்பாவுக்குக் கொடுத்ததாக அவன் நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை என்றுதான் நினைத்தேன். உண்மை தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது துரோகம் என்றும் நினைத்தேன்.

டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. "சரி விடு" என்றான் கடைசியில். "எவன் அப்பனுக்கோ ஒரு தழை. கால் வலியாவது இல்லாமப் போகும்." சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆடி அமாவாசை வந்தது, போனது. அவன் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்கு முன்பே, பங்குனியில், சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் பிசகி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகு லேசாக விந்தித்தான் நடந்தான். மலைப்பக்கம் அணில் சரணாலயமாகி, அனுமதி இல்லாமல் ஏற முடியாது என்றானது. "நல்லதாப் போச்சு, அணிலாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றான். வேறு இடம் தேடிப் பார்ப்போம் என்று ஒன்றிரண்டு முறை நான் சொன்னேன். "எங்க இருந்தா என்ன, மண்ணுக்குள்ளதான் இருப்பாரு" என்பான்.

1993 ஐப்பசியில், வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. நாற்பத்திரண்டு வயது. அடுத்த நாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, 1995-இல், மில்லுக்குப் புதிதாக வந்த ஒருவர் செங்கோட்டையிலிருந்த தம் குடும்ப நிலத்தின் பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து, நகல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுத உட்கார்ந்தேன். மேலே இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கொல்லம் 1121 கார்த்திகை. அடுத்து, 1945 நவம்பர்.

1121-உம் 825-உம் 1946. பத்திரம் எழுதியவர் தவறு செய்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னிடம் அத்தனை திமிர் இருந்தது. பத்திரக்காரரைக் கேட்டேன்.

"எங்க ஊர்ல வருசம் ஆவணியிலல்லா பொறக்கும்" என்றார் அவர், டப்பாவிலிருந்து சோற்றை வழித்துக்கொண்டே. "ஆவணியிலேருந்து மார்கழி வரைக்கும் ஒண்ணு கொறச்சுக் கூட்டணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

நமக்கு வருடம் சித்திரையில் பிறக்கும். இங்கிலீஷ் வருடம் ஜனவரியில் பிறக்கும். ஆவணியில் பிறக்கிற வருடம் ஒன்று உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கார்த்திகையில் இறந்தவருக்கு 825 அல்ல, 824-ஐக் கூட்ட வேண்டும். 1128-உம் 824-உம் 1952.

மீதி நகலை நான் எழுதவில்லை.

எட்டு நாள் கழித்து நண்பனின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். மூத்த பெண்ணுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு சொன்னேன். தாள் எதையும் கொண்டுபோகவில்லை. 

"அப்ப அங்கன இருக்கது எங்க மாமாதானா?"

"ஆமாம்மா."

"இத இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்லுதிய, அண்ணே?"

என் கண் சாமி படங்கள் பக்கம் போனது. அந்தக் கல் அங்கே இல்லை. நான் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"அது இல்ல. நீங்க டீக்கடையில வச்சுச் சொன்னியள்ளா, அன்னையிலேருந்து அத எடுத்துப் பாக்கதும் வைக்கதுமாவே இருந்தாவ. வேத்தாளு கல்லு, அவரு பிள்ளைக வந்து தேடுனா ஒண்ணு கொறையும், நாம வச்சுக்கிடக் கூடாதுன்னுட்டாவ. பங்குனி வெயில்ல தனியாக் கெளம்பிப் போயி அங்கனயே திருப்பி வச்சுட்டு வந்தாவ. வாற வழியில மழை பிடிச்சுப் பாறையில வழுக்கித்தான் கால் போச்சு."

"சைக்கிள்ல விழுந்ததாச் சொன்னானே."

"ஒங்ககிட்டச் சொல்லாதன்னாவ. அவன் மனசு கஷ்டப்படுவான், போனதையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு மொகத்தத் தூக்கிட்டுத் திரிவான்னாவ."

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்ற மாதிரி மெல்லச் சொன்னார்.

"கல்ல வச்சுட்டு மன்னிப்புக் கேட்டாவளாம். 'அய்யா, தப்பா நினைக்காதீங்க, தெரியாம எடுத்துட்டேன். நான் ஒங்க மகன் இல்ல, வேற ஆளு மகன்'னு சொல்லிட்டு வந்தேன்னாவ. எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாவ."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். காப்பி போடத்தான் போனார் என்று நினைத்தேன். வெகுநேரம் வரவில்லை. சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டேன்.

1996 ஜனவரியில் அவன் இல்லாமல் ஏறிப் பார்த்தேன். முறைப்படி அனுமதி வாங்கித்தான் போனேன். துணைக்கு வந்த வனக்காவலர் இரண்டாவது ஓடையோடு போதும் என்றார். ஈத்தைக் காடு கீழே இறங்கி ஓடைவரை வந்துவிட்டது. என் நோட்டிலிருந்த வேங்கை மரம் விழுந்து கிடந்தது. வெள்ளைக் கல்லைக் காணவில்லை. மேற்கொண்டு ஏற எனக்கும் இருமல் விடவில்லை. ஒரு கொப்பை ஒடித்தேன். அங்கே போடுவதற்கு இடம் ஏதுமில்லை. கையில் வைத்துக்கொண்டே மகாராஜபுரம்வரை நடந்துவந்தேன். பேருந்து வந்தபோது அது வாடியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து 1988 நோட்டை எடுத்தேன். பங்குனிப் பக்கத்தில் அந்த நாள் இருந்தது. எழுதாமல் விட்டிருப்பேனா? 'நேற்று மேற்கே மலையில் கோடை மழை, மாலை நான்கு மணி முதல். கீழே ஒரு சொட்டு இல்லை.' அதற்கு அடுத்த வரி: 'நண்பன் இன்றும் வேலைக்கு வரவில்லை. சைக்கிளில் விழுந்தானாம்.'

என் நோட்டுகளில் நான் எதையும் அடித்து எழுதியதில்லை. தவறு தெரிந்தால் ஓரத்தில் குறிப்பேன், மூலத்தைத் தொடமாட்டேன். அன்றைக்கு இரண்டாவது வரியின் பின்பாதியை அடித்தேன். அதன் மேலே, இடம் போதாமல் சின்ன எழுத்தில் எழுதினேன்: 'அப்பாவிடம் போயிருந்தான்.'